கண்மாய்க்கரையில் வீசிய துண்டு

மதுரையில் வந்து இறங்கிய அன்று லிம் மூன்று தடவை காலைச் சாப்பாடு சாப்பிட்டார். சிம்மக்கல்லில் நாங்கள் தங்கிய விடுதிக்குக் கீழேயே ஓர் இட்லிக் கடை. இலையைப் போட்டதும் நாலு சட்னி வந்து விழுந்தது. ஒவ்வொரு சட்னியையும் தனித்தனியாக ருசி பார்த்தே தீருவது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பரிமாறியவரும் விடுகிற ஆளாக இல்லை. "அந்தம்மாவுக்கு இன்னும் ரெண்டு வைக்கவாண்ணே? ரொம்ப ஒல்லியா இருக்காக" என்று என்னிடம் சிபாரிசுக்கு வந்தார். மலேசியாவில் எங்கள் ஈப்போவில் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் சாப்பிட வந்தவரின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. தட்டு காலியானால் அடுத்த ஆளுக்கு நாற்காலி கிடைக்குமா என்றுதான் பார்ப்பார்கள்.

லிம் ஐம்பது வயதுச் சீன அம்மாள். ஆவணப்படம் எடுப்பவர், காமிராவையும் தாமே பிடிப்பார். நான் அவருடைய ஒலிப்பதிவாளன். தமிழ்நாட்டில் மட்டும் கூடுதலாக மொழிபெயர்ப்பாளன், பேரம் பேசுகிறவன், காரம் குறைக்கச் சொல்கிறவன். என் அப்பாவும் அம்மாவும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் என்றாலும் நான் மதுரையைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. எழுபதுகளின் கடைசி, பங்குனி மாதம், வெயில் ஈப்போவில் இல்லாத ஒரு தினுசில் அடித்தது. அங்கே வியர்க்கும். இங்கே வியர்வை வருவதற்குள் காய்ந்துவிடுகிறது.

பேரழிவு வந்து போன பிறகு மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் படம். மூன்று நாடு, மூன்று பகுதி. எரிமலைச் சாம்பல் மூடிய ஒரு மலையூரையும், புயல் துடைத்துப் போன ஒரு தீவையும் முடித்துவிட்டோம். மூன்றாவதாகக் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். மூன்று வருடத்துக்கு முன்னால் அடைமழையில் கண்மாய் உடைந்து ஒரு தெருவையே வாரிக்கொண்டு போயிருந்தது. முதல் இரண்டு பகுதிகளிலும் காமிராவைப் பார்த்து அழுதவர்கள் இருந்தார்கள். மூன்றாவதிலும் அப்படி ஒரு முகம் வேண்டும் என்று ஒளிபரப்பப் போகிறவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். லிம்முக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. ஆனாலும் தேடிக்கொண்டுதான் வந்தார்.

சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்தைப் பார்க்கப் போனோம். தைத் தெப்பத்துக்கு விட்ட தண்ணீர் அடியில் கொஞ்சம் கிடந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து பருத்திப்பால் குடித்தோம். விற்றவர் எங்கள் பெட்டிகளைப் பார்த்துவிட்டு என்ன படம் என்று விசாரித்தார். வெள்ளம் வந்த ஊரைப் பற்றி என்றேன். "இந்த ஊர்ல வந்து வெள்ளத்தத் தேடுறீகளே. வைகையப் பாத்தீகளா? துணி காயப்போட்டிருக்காக. தண்ணி இல்லாததப் பத்தி எடுங்கண்ணே, நூறு படம் எடுக்கலாம்" என்றார். லிம்முக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்துவிட்டு இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் வாடகைக் கார் மேலூர் தாண்டியதும் நின்றுபோனது. ஓட்டுநர் ஜெபராஜ் மதுரைக்காரர், மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகன், நிதானமான மனிதர். மூடியைத் திறந்து பார்த்து, "நான் சரி பண்ணிக்கிட்டுப் பின்னாடியே வாரேன் சார். நீங்க பஸ்ல போயிருங்க" என்றார். அவர் சொன்னது காலை பத்து மணிக்கு. வந்து சேர்ந்தது விளக்கு வைத்த பிறகு.

பஸ்ஸில் கோழி இருந்தது, வாழைத்தார் இருந்தது, எங்கள் ஏழு பெட்டிகளும் ஏறின. என் மடியில் ஒலிவாங்கி. காற்று இரைச்சல் புகாமலிருக்க அதற்குச் சாம்பல் நிற ரோம உறை போட்டிருப்போம். நடத்துநர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பூனையெல்லாம் ஏத்தக் கூடாது சார். சரி, ஏத்திட்டீக, கீழ எறக்கிவிட்றாம பிடிச்சுக்கங்க" என்றார். பூனை இல்லை என்று நான் விளக்குவதற்குள் பக்கத்து சீட்டு அம்மாள் அதைத் தடவிக் கொடுத்து, "அசையாமப் படுத்திருக்கு, பாவம்" என்றாள். நானும் அதைக் கீழே இறக்கிவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஊரில் எங்களை எதிர்கொண்டவர் சேவுகன். அந்தப் பக்கத்தில் ஊர்த் தலைவரை அம்பலம் என்பார்கள். நரைத்த மீசையை எதிர்பார்த்துப் போன எனக்கு நாற்பது வயதுகூட ஆகாத, கொஞ்சம் கூச்சமான ஆள் கிடைத்தார். இரண்டு புதுத் துண்டுகளை உதறி, ஒன்றை லிம் கையில் கொடுத்து, இன்னொன்றை என் தோளில் போட்டார். விருந்தாளிக்கு அம்பலத்து வீட்டு மரியாதை. நல்ல கெட்டித் துண்டு, வெள்ளைவெளேர் என்று இருந்தது.

லிம் முதலில் கேட்டது ஊர்ச் சாவடியைத்தான். அதன் சுவரில் வெள்ளம் நின்ற கோடு மூன்று வருடமாக அழியாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். படத்தை அந்தக் கோட்டிலிருந்து தொடங்குவதாகத் திட்டம். போய்ப் பார்த்தால் சாவடி பளபளவென்று நின்றது. சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. "படம் எடுக்க வாராகன்னதும் நேத்துத்தான் ரெண்டு பூச்சுப் பூசினோம். வெளிநாட்டுல இருந்து வாரவுகளுக்கு அழுக்குச் செவுத்தையா காட்டுறது?" என்றார் சேவுகன் பெருமையாக.

லிம்முக்கு அழுகையே வந்திருக்கும். விஷயத்தை நான் எடுத்துச் சொன்னதும் சேவுகனின் முகமும் விழுந்துவிட்டது. உடனே ஒரு கரிக்கட்டையை எடுத்துவந்து சுவரில் கோடு போடப் போனார். "அம்புட்டுக் கீழயா இருந்துச்சு? என் நெஞ்சு வரைக்கும் வந்துச்சு" என்றார் ஒருவர். "நீ குட்டை மாப்ள, ஒன் நெஞ்ச வச்சு அளக்காத" என்றார் இன்னொருவர். ஐந்து பேர் ஐந்து கோடு போட்டார்கள். லிம் சத்தம் போடாமல் காமிராவை எடுத்துவிட்டார். என் அனுபவத்தில் ஒரு வெள்ளத்தின் உயரத்துக்காக மனிதர்கள் அவ்வளவு உற்சாகமாகச் சண்டை போட்டு நான் கண்டதில்லை.

மூன்றாம் நாள் அழுகிற முகத்தைத் தேடினோம். வெள்ளத்தில் உயிர்ச்சேதம் இல்லை. ஆடு மாடு, நெல், பாத்திரம், தெருவோடு வீடுகள் எல்லாம் போயிருந்தன. பேச வந்தவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பஞ்சவர்ணம் என்ற அம்மாள் மட்டும் வேலையிலிருந்து எழுந்து வந்த கோலத்தில் வந்தார். வீடு போன தெருவுக்கு அவர்தான் வாய். அன்று விடிந்ததும் உங்கள் வீடு இருந்த இடத்தைப் பார்த்தபோது மனசு எப்படி இருந்தது என்று லிம் கேட்கச் சொன்னார்.

"எப்பிடி இருக்கும்? வீட்டக் காணோம். அம்மி மட்டும் கெடந்துச்சு" என்றார் பஞ்சவர்ணம்.

"அம்மியைப் பார்த்ததும் என்ன செய்தீர்கள்?"

"கழுவினேன். மேட்டுத் தெருவுல மொளகா வாங்கிட்டு வந்து அரைச்சேன். வீடு இல்லேன்னா வெஞ்சனம் வேணாமா? புள்ளைக பசியா நிக்குதுக."

நான் மொழிபெயர்த்ததும் லிம் காமிராவிலிருந்து கண்ணை எடுத்து அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு, "கோபம் வரவில்லையா என்று கேள்" என்றார்.

கேட்டேன். அவர் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது. "அது இன்னைக்கும் இருக்கு. அத அந்தப் பொட்டியில பிடிக்க வேணாம்" என்று எழுந்து போய்விட்டார்.

என்ன கோபம் என்பதைச் சாயங்காலம் கண்மாய்க்கரையில் சேவுகனே சொன்னார். மழை கொட்டிய அன்று அவருடைய அப்பாதான் அம்பலம். வயல் பக்கம் கரையை வெட்டிவிட்டால் ஊர் தப்பும் என்று தெருக்காரர்கள் போய்க் கேட்டிருக்கிறார்கள். கதிர் முற்றி அறுப்புக்கு நின்ற நேரம். கொஞ்சம் பொறுங்கப்பா, மழை விட்டுவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். மழை விடவில்லை. கரை ஊர்ப் பக்கமாகத் தானே உடைத்துக்கொண்டது. அதன் பிறகு அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. அடுத்த வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். கண்மாய் இரண்டு கோடை உடைந்தே கிடந்தது. போன கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் சுமந்து கரையைக் கட்டினார்கள். ஐப்பசி மழையில் நிறைந்தது. இப்போது தண்ணீர் வற்றி, நாளை மீன்பிடி. உடைந்ததற்குப் பிறகு வரும் முதல் மீன்பிடி அதுதான்.

மடைக்குப் பக்கத்தில் இருக்கும் கருப்பசாமிக்குச் சூடம் காட்டிவிட்டு அம்பலம் வெள்ளைத் துண்டை வீச வேண்டும். அதைப் பார்த்ததும் ஊர் கண்மாய்க்குள் இறங்கும். உள்ளூர்க் கால் படாமல் வெளியூர்க்காரர் ஒருவரும் இறங்க மாட்டார். இதையெல்லாம் வரிக்கு வரி நான்தான் லிம்முக்கு மொழிபெயர்த்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"பதினெட்டுக் கிராமத்துக்குத் தமுக்குப் போட்டாச்சு. எங்க வீட்டுத் துண்டுக்கு எறங்க மாட்டோம்னு அந்தத் தெருவுல சொல்லிட்டாக. பஞ்சவர்ணம் எனக்கு மதினி மொறை. 'வேடிக்கை பாக்க வாரேன், எறங்க மாட்டேன் கொழுந்தனாரே'ன்னு நேராவே சொல்லிருச்சு" என்றார் சேவுகன்.

"மண் சுமக்க வந்தார்களே?" என்றேன்.

"அது கண்மாய்க்காக வந்ததுண்ணே. துண்டுக்கு எறங்கறது எங்கப்பாவுக்காக." தோள் துண்டைத் தொட்டுக் காட்டினார். "நான் வீசி ஒருத்தரும் எறங்கலைன்னு வையுங்க. அப்பறம் நான் இந்த ஊர்ல துண்டு போட்டு நடக்கறதுல அர்த்தமில்ல."

அன்று எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. படத்தைப் பற்றிய கவலை இல்லை, அந்த மனிதரைப் பற்றிய கவலைதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிழக்கு வெளுக்கும்போதே கரை நெடுகச் சனம். மூங்கில் ஊத்தாக்களைத் தூக்கிக்கொண்டு ஆண்களும் பெண்களும் நின்றார்கள். ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த கூடை. சேற்றில் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனைப் பிடிப்பார்கள். தவக்காலம் என்பதால் வெள்ளிக்கிழமை ஜெபராஜுக்குக் கறி கிடையாது. "மீனுக்குத் தடையில்ல சார். கர்த்தரு பாத்துத்தான் நாள் குறிச்சிருக்காரு" என்று சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தயாரானார். வேடிக்கை பார்க்க வந்த பஞ்சவர்ணத்தின் கையிலும் ஓர் ஊத்தா இருந்தது.

கைவசம் இருந்த படச்சுருளோ மூன்று டப்பா. இறங்குகிற காட்சி ஒரே தடவைதான் நடக்கும். லிம் கரையின் வளைவில் ஒரு டிராக்டர் டிரெய்லர் மேல் காமிராவோடு நின்றார். ஓர் ஒலிவாங்கியைக் கருப்பசாமி பீடத்தடியில் மறைத்து வைத்தேன். நீளக் கம்பி இழுத்து, நாற்பது அடி தள்ளி நான் உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் முதலில் ஒலி ஓட வேண்டும், அதன் பிறகே காமிரா. எட்ட இருந்தால் நான் கைக்குட்டையை ஆட்டுவேன். அவர் கையைத் தூக்கிவிட்டுக் காமிராவை முடுக்குவார். எரிமலையூரிலும் தீவிலும் அப்படித்தான் செய்தோம்.

சேவுகன் பீடத்துக்கு வந்தார். தேங்காயை எடுத்து வைத்தார். ஒலி ஓட ஆரம்பித்தது. நான் கைக்குட்டையை ஆட்டினேன். மூன்று நாள் வியர்வையிலும் சால்னாவிலும் அது மண் நிறத்துக்கு வந்திருந்தது. லிம்முக்குத் தெரியவில்லை, என்ன என்று இரண்டு கையையும் விரித்தார். காதில் காதுக்கருவி, கண் பதிவுப் பெட்டியின் முள்ளின் மேல், மனசு மூன்று டப்பாவின் மேல். கழுத்தில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

வெள்ளைவெளேர் என்ற துண்டு.

காதுக்குள் இடி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கரையில் ஆளே இல்லை. ஊர் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. முதல் ஆளாகப் போய் முழங்கால் சேற்றில் ஊத்தாவைக் குத்திக்கொண்டிருந்தவர் பஞ்சவர்ணம். வெளியூர்க்காரர்கள் பின்னால் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜும் குதித்தார். பீடத்துக்கு முன்னால் உடைக்காத தேங்காயும் கொளுத்தாத சூடமும் தோளில் துண்டுமாகச் சேவுகன் தனியாக நின்றார்.

காதுக்கருவியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினேன். காலில் விழுந்துவிடலாம் என்றுதான் ஓடினேன். அதற்குள் தண்ணீரிலும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராகக் கையை நிறுத்திவிட்டு, என்னையும் என் கையிலிருந்த துண்டையும் பார்த்தார்கள். டிரெய்லரிலிருந்து இறங்கிய லிம் காமிராவைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக ஓடிவந்தார். இறங்கும் காட்சி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அதன் பிறகுதான் காமிரா ஓடியது.

சேவுகன் கரை விளிம்புக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை. "மதினி, எறங்க மாட்டேன்னீக?" என்றார்.

பஞ்சவர்ணம் ஊத்தாவுக்குள் விட்ட கையை எடுக்கவில்லை. "ஒன் துண்டுக்கு எறங்கலப்பா. மலேசியாக்காரரு வீசினாரு, எறங்கினேன்."

"அவரு கையில இருக்கறது என் துண்டு மதினி. நாந்தான் போட்டுவிட்டேன்."

எல்லோரும் மறுபடியும் என் கையைப் பார்த்தார்கள். பஞ்சவர்ணமும் பார்த்தார். "அது எனக்கு எப்பிடித் தெரியும்? வெள்ளையாத் தெரிஞ்சுச்சு, கால் தானா எறங்கிருச்சு" என்றார்.

"அப்பச் சரி, ஏறிக்கங்க. பூசைய முடிச்சிட்டு மொறையா வீசுறேன். இஷ்டமிருந்தா எறங்குங்க."

"ஏறவா? வெரால் மாட்டியிருக்கு கொழுந்தனாரே. இப்ப ஏறச் சொன்னா கருப்பே சம்மதிக்காது." கையை வெளியே இழுத்தார். முழங்கை நீளம் இருக்கும் விரால், துள்ளியது. அதைக் கரை மேல், சேவுகன் காலடியில் எறிந்தார். "மொத மீன் கருப்புக்கு. கொண்டுபோய் வையி. சூடத்தக் கொளுத்து, நேரமாகுதுல்ல."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கண்மாயே சிரித்தது. சேவுகன் மீனை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு பீடத்துக்குப் போனார். அவர் திரும்பி நின்றதால் முகம் எனக்குத் தெரியவில்லை. சூடம் காட்டிவிட்டுத் தம் துண்டையும் ஒரு தடவை வீசினார். அதற்குள் ஆளாளுக்கு மீன் பிடித்துக்கொண்டிருந்ததால் பாதிப் பேர் அதைக் கவனிக்கவில்லை.

அன்று பிடித்த மீனை அந்த ஊரில் விற்கக் கூடாது. ஆக்கித்தான் தின்ன வேண்டும். வீட்டுக்கு வீடு மீன் குழம்பு. எல்லா வீட்டிலிருந்தும் எங்களுக்கு ஒரு கிண்ணம் வந்தது. பஞ்சவர்ணம் வீட்டுக் குழம்பு அம்மியில் அரைத்த மசாலா, நாக்கு எரிந்தது. லிம் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டார். "கடைசியில் அழுகிற முகம் கிடைத்துவிட்டது" என்று தம்மையே காட்டிச் சொன்னார். ஜெபராஜ் நாலாவது கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டார்.

புறப்படும்போது நான் துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சேவுகன் வாங்கவில்லை. "வச்சுக்கங்கண்ணே. கண்மாய்ப் பக்கம் மட்டும் எடுத்துக்கிட்டு வந்துறாதீக" என்றார். அப்போதும் எனக்கு உள்ளுக்குள் உறுத்தல்தான். அவர் வீசி ஊர் இறங்க வேண்டிய நேரத்தை நான் பறித்துக்கொண்டேன். சிரித்து முடித்துவிட்டார்களே தவிர, அவர் மனசில் என்ன இருந்ததோ என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, கோலாலம்பூரில் படத்தை வெட்டி ஒட்டும் அறையில் மீன்பிடி நாளில் பதிவான நாடாவைப் போட்டேன். காட்சி இல்லை, வெறும் ஒலி. முதலில் காக்கைச் சத்தம். தேங்காயைக் கல்லின் மேல் வைக்கும் சத்தம். பிறகு அந்த இடி, நூற்றுக்கணக்கான கால்கள் தண்ணீரில் விழும் சத்தம். நான் காதுக்கருவியைப் பிடுங்கிப் போட்டது அந்த இடத்தில்தான். அதன் பிறகு வந்ததை நான் கேட்டிருக்கவில்லை. பீடத்தடி ஒலிவாங்கி மட்டும் கேட்டிருந்தது. தண்ணீர் இரைச்சலுக்கு முன்னால், மிக அருகில், ஓர் ஆள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு குரல்.

லிம் நாடாவை நிறுத்தச் சொன்னார். "அது சேவுகன்தானே? என்ன சொல்கிறார், உன்னைத் திட்டுகிறாரா?"

"இல்லை. தம் அப்பாவிடம் பேசுகிறார்."

"அவர் அப்பாதான் இறந்துவிட்டாரே."

"ஆமாம்" என்றேன். நாடாவைப் பின்னுக்குச் சுற்றி மறுபடியும் ஓடவிட்டேன். கால்கள் தண்ணீரில் விழுந்தன. மூச்சு கேட்டது.

"அப்பா," என்றார் சேவுகன், "எறங்கிட்டாகப்பா."